மூலநிரலிலிருந்து நிறுவிய உரைத்திருத்தியை அப்டேட் கட்டளை தொடுவதில்லை

கடந்த இரண்டு மாதங்களில் இதே சிக்கலோடு நான் பார்க்கும் மூன்றாவது கணினி இது. ரோஸ் ஹில்லில் மாலைநேரத் தமிழ் வகுப்பு நடத்தும் ஆசிரியர் ஒருவர், தமது மேசைக் கணினியில் தமிழ் எழுத்துகள் இடம் மாறித் தெரிகின்றன என்று என்னை அழைத்தார். லிப்ரே ஆஃபீஸில் இருந்த பாடக்குறிப்புகளை அண்மையில்தான் ஈமேக்ஸ் உரைத்திருத்திக்கு மாற்றியிருந்தார். அவற்றில் ஒன்றைத் திறந்து காட்டியபோது, ‘பெயர்’ என்று இருக்க வேண்டிய சொல் ‘பயெர்’ என்று நின்றது. பகரத்துக்கு முன்னால் வர வேண்டிய ஒற்றைக்கொம்பு அதற்குப் பின்னால் போய் யகரத்தோடு சேர்ந்திருந்தது. நான்கு எழுத்துருக்களை மாற்றிப் பார்த்தும் பயனில்லாததால், “கோப்பே கெட்டுப்போய்விட்டதா, தம்பி?” என்று கவலையோடு கேட்டார்.

கோப்பும் கெடவில்லை, எழுத்துருவிலும் பழுதில்லை. அவருடைய அண்ணன் மகன் ஈமேக்ஸை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்து, அதாவது எழுதப்பட்ட நிரலை இயங்கும் மென்பொருளாக மாற்றி, கொடுத்திருந்தார். பழைய கணினிக்கு இலகுவாக இருக்கட்டும் என்று சாளரங்களையும் பட்டிகளையும் வரையும் ஜிடிகேயை விட்டு, அதைவிட எளிய லூசிட் இடைமுகத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார். அதில் தவறில்லை. ஆனால், தமிழ் போன்ற எழுத்துமுறைகளை ஒழுங்குபடுத்தித் திரையில் காட்டும் ஹார்ஃப்பஸ் நூலகத்தின் டெவலப்மென்ட் பொதி (கம்பைல் செய்யும்போது தேவைப்படும் கோப்புகள்) அந்தக் கணினியில் இல்லை. அது இல்லாவிட்டால், கம்பைல் செய்வதற்கு முன் கணினியில் என்னென்ன இருக்கின்றன என்று பார்க்கும் கான்ஃபிகர் நிரல் பிழை சொல்லி நிற்காது. இறுதியில் அச்சிடும் நீண்ட பட்டியலில் ஹார்ஃப்பஸுக்கு நேராக ‘இல்லை’ என்று எழுதிவிட்டு மேலே போய்விடும். அந்தப் பட்டியலைப் படிக்காமல் அடுத்த கட்டளையைத் தட்டுபவர்களை நான் ஒவ்வொரு மாதமும் பார்க்கிறேன். தயவுசெய்து படியுங்கள், இரண்டு நிமிடங்கள்கூட ஆகாது. ஏற்கெனவே நிறுவிவிட்டவர்கள், ஈமேக்ஸுக்குள் ‘சிஸ்டம்-கான்ஃபிகரேஷன்-ஃபீச்சர்ஸ்’ என்ற மாறியின் மதிப்பில் ஹார்ஃப்பஸ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

கொம்பு இடம் மாறியதுகூட எனக்குப் பெரிய கவலையாகத் தோன்றவில்லை. அந்தக் கணினியில் இருந்தது டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம். அது மென்பொருள் பொதிகளைத் தரும் களஞ்சியத்தில் ஈமேக்ஸ் 28.2 இருக்கிறது. டெபியன் 12 வெளியான அடுத்த மாதமே, அதாவது 2023 ஜூலையில், ஈமேக்ஸ் 29.1 வந்துவிட்டதால், புதியது வேண்டும் என்று அந்த இளைஞர் அதைத் தாமே கம்பைல் செய்து, நிர்வாகி உரிமை தரும் சூடோவுடன், நிறுவும் கட்டளையான மேக் இன்ஸ்டால் கொடுத்து, கணினி முழுமைக்குமாக நிறுவியிருந்தார். அவரைத் தொலைபேசியில் அழைத்துப் பாதுகாப்புத் திருத்தங்களைப் பற்றிக் கேட்டபோது, “சித்தப்பா வாரந்தோறும் அப்டேட் போடுகிறாரே, அண்ணா, அதோடு, நம்மிடம் இருப்பது டெபியனில் உள்ளதைவிட உயர்ந்த பதிப்பு” என்றார்.

இந்த இரண்டு எண்ணங்களையும் எத்தனை முறை திருத்தியிருப்பேன் என்று எனக்கே நினைவில்லை. டெபியனின் பொதி மேலாளரான ஏபிடி அப்டேட் செய்வது, தான் நிறுவிய பொதிகளை மட்டுமே. நீங்கள் கையால் நிறுவிய ஈமேக்ஸ் ‘யூஎஸ்ஆர்’ அடைவுக்குள் இருக்கும் ‘லோக்கல்’ அடைவில் போய் அமர்கிறது. அப்படி ஒன்று இருப்பதே ஏபிடிக்குத் தெரியாது. வாரந்தோறும் டெபியனின் ஈமேக்ஸ் திருத்தம் பெற்றுக்கொண்டிருக்க, கட்டளைகளைத் தேடும் பாதையில் ‘லோக்கல்’ அடைவே முன்னால் வருவதால், ஈமேக்ஸ் என்று தட்டும் ஒவ்வொரு முறையும் திறப்பது திருத்தம் பெறாத பழைய 29.1தான். ஆசிரியரின் கணினியில் இரண்டும் அருகருகே இருந்தன. அவர் உண்மையாகவே அப்டேட் செய்துவந்தார். அது அவர் ஒருநாளும் திறக்காத நிரலுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

பதிப்பு எண்ணைப் பற்றிய நம்பிக்கையும் அப்படித்தான். 2024 மார்ச்சில் ஈமேக்ஸ் 29.3, ஜூனில் 29.4 ஆகிய இரண்டும் பாதுகாப்புக்காகவே அவசரமாக வெளியிடப்பட்டவை. முதலாவது, ஈமேக்ஸில் குறிப்புகள் எழுதப் பயன்படும் ஆர்க் முறையில் ஒரு கோப்பைத் திறந்த மாத்திரத்தில் அதில் ஒளிந்திருக்கும் லிஸ்ப் நிரல் இயங்கிவிடக்கூடிய ஓட்டையை அடைத்தது. இரண்டாவது, ஆர்க்கின் இணைப்புச் சுருக்கங்கள் வழியாக ஷெல் கட்டளைகள் இயங்கக்கூடிய வழியை மூடியது. டெபியன் இத்தகைய திருத்தங்களைத் தன் 28.2க்குள்ளேயே கொண்டுவந்து சேர்க்கிறது. முன்னால் உள்ள எண் மாறாது, பொதி எண்ணின் வால் மட்டுமே நீளும். ஆகவே, திருத்தம் பெற்ற 28.2, திருத்தம் பெறாத 29.1ஐவிடப் பாதுகாப்பானது. மாணவர்கள் மின்னஞ்சலில் அனுப்பும் ஆர்க் கோப்புகளை அந்த ஆசிரியர் எதில் திறந்துகொண்டிருந்தார் என்று நினைத்தபோது எனக்கு உண்மையிலேயே பதற்றமாக இருந்தது.

கம்பைல் செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நானும் செய்கிறேன், விரும்பியே செய்கிறேன். ஆனால், கான்ஃபிகருக்கும், கம்பைல் செய்யும் மேக் கட்டளைக்கும் சூடோ போடாதீர்கள். அவை இரண்டும் இன்னொருவர் எழுதிய நிரலை உங்கள் கணினியில் ஓட்டுகின்றன. 2024இல் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கண்டுபிடிக்கப்பட்ட நச்சுநிரலைத் தூண்டிவிடும் துணுக்கு, வெளியீட்டுத் தொகுப்பின் கட்டமைப்பு நிரலில்தான் செருகப்பட்டிருந்தது. ஈமேக்ஸை வெளியிடும் க்னூ திட்டத்தின் தளத்திலிருந்து தொகுப்பை இறக்கும்போது கூடவே இருக்கும் கையொப்பக் கோப்பையும் இறக்கி, ஜிபிஜி என்ற நிரலால் சரிபாருங்கள். தேவைப்படும் நூலகங்களை ஒவ்வொன்றாகத் தேடி அலையாமல், ஏபிடியின் அமைப்பில் மூலநிரல் களஞ்சியத்துக்கான (deb-src) வரியை இயக்கிவிட்டு, அவற்றை ஒருசேர நிறுவும் பில்ட்-டெப் கட்டளையைப் பயன்படுத்துங்கள். ஹார்ஃப்பஸும் அதோடு வந்துவிடும். எங்கே நிறுவுவது என்று கான்ஃபிகருக்குச் சொல்லும் ப்ரிஃபிக்ஸ் தெரிவில் உங்கள் வீட்டு அடைவைக் கொடுத்தால் நிறுவுவதற்கும் சூடோ தேவைப்படாது, பிறருடைய கணக்குகளும் பாதிக்கப்படமாட்டா. கம்பைல் செய்த அடைவை அழித்துவிடாதீர்கள், பிறகு நீக்க வேண்டுமானால் அது தேவைப்படும். எல்லாவற்றுக்கும் மேலாக, புதிய வெளியீட்டு அறிவிப்புகளைப் படித்து, மறுபடியும் கம்பைல் செய்யும் பொறுமை உங்களுக்கு இல்லையென்றால், டெபியன் தருவதையே வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுடைய கணினியில் நிறுவிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விடும் பிள்ளைகளிடம் இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

அந்த இளைஞர் மூல அடைவை அழித்துவிட்டிருந்ததால், 29.1ஐ மீண்டும் இறக்கி, அவர் கொடுத்த அதே தெரிவுகளுடன் கான்ஃபிகர் செய்து, மேக் அன்இன்ஸ்டால் கொடுத்து நீக்கினேன். பிறகு புதிய முனையத்தில் ஈமேக்ஸ் என்று தட்டச் சொன்னேன். டெபியனின் 28.2 திறந்தது. ஆசிரியர் தம் பாடக்குறிப்பைத் திறந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, முதல் வரியில் இருந்த ‘பெயர்’ என்ற சொல்லை விரலால் தொட்டு வாசித்தார்.