பிள்ளையை அலைக்குள் தள்ளாதீர்கள்

டிசம்பர் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் என்னிடம் ஒரே மாதிரியான குடும்பங்கள் வரத் தொடங்கும். பிள்ளைக்கு ஏதோ ஓர் அதிர்ச்சி நடந்திருக்கும். மாதக்கணக்கில் பொறுத்துப் பார்த்த பெற்றோர், விடுமுறையில் ஒரேயடியாகப் பயத்தைப் போக்கிவிடலாம் என்று எதையோ செய்திருப்பார்கள். அதற்குப் பிறகு பிள்ளை வாயே திறக்காது. சிங்கப்பூரில் இளையர்களோடு வேலை செய்யும் மனநல ஆலோசகராக இதை எத்தனை முறைதான் நேரில் சொல்வது? இந்த முறை எழுதியே வைக்கிறேன்.

அண்மையில் வந்த குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். உயர்நிலை மூன்று படிக்கும் பெண். ஜூன் விடுமுறையில் உறவினரின் கொண்டோ அடுக்குமாடிக் குடியிருப்பில் விருந்து. அங்கே நீச்சல் குளத்தில் பெரியப்பா பையன்கள் இருவர் பின்னாலிருந்து அவள் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்திருக்கிறார்கள். அவள் கைகால்களை உதறிய பிறகும் விடவில்லை. மேலே வந்து அழுதவளிடம் பெரியவர்கள் சொன்னது: “விளையாட்டுக்குத்தானே, இதுக்குப் போய் அழுவாங்களா?”

அதன்பின் அவள் குளத்துப் பக்கமே போகவில்லை. தூக்கம் கெட்டது. எம்ஆர்டி ரயிலில் யாராவது முதுகுக்குப் பின்னால் நெருங்கி நின்றால் அடுத்த நிலையத்திலேயே இறங்கிவிடுவாள். நூலகத்திலிருந்து ஒரு நாவலை எடுத்து வந்து திரும்பத் திரும்பப் படித்தாள். மனக்காயம் பட்ட ஒரு பெண், அலைச்சறுக்கு (சர்ஃபிங்) கற்றுக்கொண்டு, மெல்ல மெல்ல மனிதர்களை நம்பத் தொடங்கும் கதை. சாப்பாட்டு மேசையில் கிடந்த அந்தப் புத்தகத்தை அப்பா புரட்டிப் பார்த்தார். கடைசி அத்தியாயத்தில் அந்தப் பெண் அலைமேல் எழுந்து நிற்கிறாள். சரி, இதுதான் வழி என்று முடிவு செய்துவிட்டார். டிசம்பரில் ஊருக்குப் போனபோது, சென்னைக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரையில் மகளிடம் சொல்லாமலேயே சர்ஃபிங் வகுப்புக்குப் பணம் கட்டினார். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் அந்தக் கடல் எப்படி இருக்கும் என்பது தனிக் கதை. அவள் வேண்டாம் என்று அழுதாள். ஒரு தடவை போய்விட்டால் பயம் போய்விடும் என்று சமாதானம் சொல்லிப் பலகையில் படுக்கவைத்தார்கள். பயிற்றுநர் பின்னாலிருந்து அலைக்குள் தள்ளிவிட்டார். குளத்தில் அவளுக்கு நடந்ததும் பின்னாலிருந்துதான் என்பதை அங்கே ஒருவரும் யோசிக்கவில்லை.

அப்பாவுக்கு மகள்மேல் உயிர். அதனால்தான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பாசம் குறைந்த பெற்றோர் இந்தக் காரியத்தைச் செய்வதில்லை. பாசம் உள்ளவர்கள்தான் செய்கிறார்கள்.

அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்லும் வாதம் ஒன்று உண்டு: “எங்களையெல்லாம் கிணத்துல தள்ளிவிட்டுத்தான் நீச்சல் கத்துக்கொடுத்தாங்க. எங்களுக்கு என்ன ஆச்சு?” இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன். அந்தக் கிணற்றை நன்றாக நினைத்துப் பாருங்கள். உங்கள் முதுகில் சுரைக்குடுக்கையோ இடுப்பில் கயிறோ கட்டியிருந்தார்கள். தண்ணீருக்குள் மாமா ஏற்கெனவே இறங்கி நின்றுகொண்டிருந்தார். நீங்கள் மூழ்கியவுடன் தூக்கிவிட்டார். படிக்கட்டில் பத்துப் பிள்ளைகள் குதிப்பதை நீங்கள் பார்த்திருந்தீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்களைத் தள்ளிய கை அதற்கு முன்பு உங்களைக் காயப்படுத்திய கை இல்லை. அப்படியும் பயந்துபோய், கடைசிவரை தண்ணீரில் இறங்காமலே இருந்துவிட்ட ஒரு சித்தப்பாவோ அத்தையோ எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அவர்களை யாரும் உதாரணம் காட்டுவதில்லை.

இன்னொன்று. இந்தப் பெண்ணுக்கு நீச்சல் தெரியும். இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்காக 2010இல் தொடங்கிய சுவிம்சேஃபர் என்ற நீச்சல், நீர்ப் பாதுகாப்புத் திட்டத்தில் சான்றிதழ் வாங்கியவள். ஆகவே, தண்ணீரைச் சமாளிக்கத் தெரியாததால் வந்த பயம் இல்லை இது. தெரிந்த மனிதர்களே அவளை அமுக்கிய கையை எடுக்கவில்லை. பார்த்த பெரியவர்கள் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. காயம் அங்கே இருக்கிறது. அதற்குக் கடலில் மருந்து தேடினார்கள். கரைக்கு வந்தபோது, அவள் நம்பாதவர்கள் பட்டியலில் அப்பாவும் சேர்ந்திருந்தார்.

பயந்த ஒன்றை எதிர்கொள்வது உண்மையான சிகிச்சை முறைதான். நாங்களும் அதைச் செய்கிறோம். ஆனால் படிப்படியாக, பிள்ளையின் சம்மதத்தோடு, பிள்ளை நிறுத்தச் சொன்னால் அந்த நொடியே நிறுத்தி. சம்மதத்தை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது சிகிச்சை இல்லை, பழைய சம்பவத்தின் மறுபதிப்பு.

அலைச்சறுக்கையே மனநல உதவியாகப் பயன்படுத்தும் அமைப்புகள் உலகில் உண்டு. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 2011இல் தொடங்கிய ‘வேவ்ஸ் ஃபார் சேஞ்ச்’ அவற்றில் ஒன்று. வறுமையும் வன்முறையும் சூழ்ந்த பகுதிகளின் பிள்ளைகள் அங்கே வாரந்தோறும் வருகிறார்கள். பயிற்சி பெற்ற, அதே சமூகத்தைச் சேர்ந்த பயிற்றுநர்கள் அவர்களைப் பார்த்துக்கொள்கிறார்கள். பலன் தருவது அலை மட்டும் இல்லை. வாரம் தவறாமல் வரும் பெரியவர்தான் பாதி மருந்து. நல்ல நாவல்களை எழுதுபவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. அந்தப் பெண் படித்த கதையிலும் பாதிப் புத்தகம் வரை கதாநாயகி கால்கூட நனைக்கவில்லை, மணலில்தான் உட்கார்ந்திருக்கிறாள். சொல்லிக்கொடுப்பவர் தினமும் வருகிறார், போகிறார், வற்புறுத்தவில்லை. அப்பா அந்தப் பக்கங்களைப் படிக்கவில்லை.

இன்னொரு வகைப் பெற்றோரும் உண்டு. “சோகக் கதை படித்துத்தான் இப்படி ஆகிறாள்” என்று புத்தகத்தைப் பிடுங்கி வைப்பவர்கள். வேண்டாம். தன் வாயால் சொல்ல முடியாததைக் கதை வழியாகப் பிள்ளைகள் சொல்லிப் பார்க்கிறார்கள். மேசையில் விட்டுப்போன புத்தகம் பல நேரங்களில் உங்களுக்காக விட்டதுதான். அதை முதலிலிருந்து படியுங்கள். பிறகு பிள்ளையைப் பற்றிக் கேட்காமல் கதையைப் பற்றிக் கேளுங்கள்: “அந்தப் பொண்ணு ஏன் அவங்க அம்மாகிட்ட சொல்லல?” பதில் வந்தால் கேட்டுக்கொள்ளுங்கள், திருத்தாதீர்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

அப்புறம், வீட்டில் நடக்கவேண்டியவை. “விளையாட்டுக்குத்தானே” என்ற சொல்லை இன்றோடு நிறுத்துங்கள். தீபாவளிக்கு அதே வீட்டுக்குக் கூட்டிப்போய், அதே அண்ணன்களோடு சிரித்துப் படம் எடுக்கச் சொல்லாதீர்கள். உறவு கெட்டுவிடும் என்கிறீர்கள். பிள்ளையோடு உள்ள உறவையும் கொஞ்சம் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு நடந்ததை அத்தைக்கும் பக்கத்து வீட்டுக்கும் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். கதவைத் தட்டிவிட்டு உள்ளே போங்கள். ஐந்து மணிக்கு வந்து அழைத்துப்போகிறேன் என்றால் ஐந்து மணிக்கு அங்கே நில்லுங்கள், முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். நம்பிக்கை இந்த மாதிரிச் சின்ன விஷயங்களில்தான் திரும்பி வருகிறது. “எப்போ சரியாகும்?” என்று அவள் காதுபட என்னிடம் கேட்காதீர்கள்.

அப்பாக்களுக்கு ஒரு வேண்டுகோள். தவறு நடந்திருந்தால் மன்னிப்புக் கேளுங்கள். “உன் நல்லதுக்குத்தான்” என்ற வால் இல்லாமல். அது உங்களுக்கு எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். என் அறையில் அதைச் சொல்லிவிட்டுக் கண்கலங்கிய அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மரியாதை ஒன்றும் குறைந்துபோகவில்லை.

பிள்ளையே ஒருநாள் கடலுக்குப் போகலாம் என்று கேட்டால் தாராளமாகப் போங்கள். நம் ஈஸ்ட் கோஸ்ட்டில் சறுக்கும் அளவுக்கு அலை கிடையாது, சுமத்ராவும் மலேசியத் தீபகற்பமும் மறைத்துக்கொண்டிருக்கின்றன. மலேசியாவின் தேசாரு கடற்கரைக்கோ வேறெங்கோ போவீர்கள். பயிற்றுநரிடம் முன்பே பேசுங்கள். தொடக்க வகுப்பில் பலகையைப் பின்னாலிருந்து தள்ளிவிடுவது வழக்கம். கேட்காமல் தொடக்கூடாது, தள்ளக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். நிறுத்துவதற்கு ஒரு கைச்சைகையைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். மணலில் பலகைமேல் படுத்துப் பழகுவதோடு அன்றைக்குப் போதும் என்றால், போதும்தான்.

கெட்ட கனவு, திடுக்கிடுதல், ஒதுங்கிப்போதல் போன்றவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் காத்திருக்காதீர்கள். பள்ளி ஆலோசகரிடம் தொடங்கலாம், பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பரிந்துரை கேட்கலாம். 16 முதல் 30 வயது வரை உள்ளவர்கள் மனநலக் கழகம் இளையர்களுக்கென நடத்தும் ‘சாட்’ மனநலச் சேவையை நேரடியாகவே நாடலாம். சாக வேண்டும் போலிருக்கிறது என்கிற மாதிரி பிள்ளை ஏதாவது சொன்னால் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, இது ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்த விஷயம். கேட்டுவிட்டுத் தனியே விடாதீர்கள். தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் எஸ்ஓஎஸ் அமைப்பின் 1767, தேசிய மனநல உதவி எண் 1771, இரண்டும் 24 மணி நேரமும் இயங்குகின்றன. என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும் பெற்றோரும் அழைக்கலாம்.