பிஸ்கோ சவர்: நுரை ஏன் அடங்குவதில்லை?

பெருவின் தலைநகர் லிமாவில் பிஸ்கோ சவர் என்ற எலுமிச்சை கலந்த மதுபானத்தைக் கேட்டால் மேலே விரற்கடை உயரத்துக்கு வெள்ளை நுரையும், அதன்மேல் இரண்டு மூன்று பழுப்புச் சொட்டுகளுமாக வரும். பாதி குடித்த பிறகும் அந்த நுரை கோப்பைச் சுவரைப் பிடித்தபடி கூடவே இறங்கும். நம் டீக்கடையில் ஆற்றிக் கொடுக்கும் நுரையோ, கிளாஸோடு போய் பெஞ்சில் உட்காருவதற்குள் பாதி அடங்கிவிடுகிறது.

இதற்கு மட்டும் ஆயுசு கெட்டி. காரணம், பச்சை முட்டையின் வெள்ளைக்கரு. அதில் சுமார் 90 சதவீதம் தண்ணீர். மிச்சத்தில் பெரும்பகுதி புரதம். நூல்கண்டுபோலச் சுருண்டு கிடக்கும் புரத மூலக்கூறுகள், ஷேக்கரில் குலுக்கும் வேகத்தில் பிரிகின்றன. அவற்றில் ஒரு பாகம் தண்ணீரோடு ஒட்டும்; இன்னொரு பாகத்துக்குத் தண்ணீரே ஆகாது. அதனால் காற்றும் நீரும் சந்திக்கும் இடமான குமிழியின் விளிம்புக்கு ஓடிப்போய், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு மெல்லிய தோலாகின்றன. எலுமிச்சைச் சாற்றின் அமிலம் சுருள் தளர உதவுகிறது. சர்க்கரைப் பாகு திரவத்தைக் கெட்டியாக்குவதால், குமிழிகளுக்கு நடுவிலிருந்து நீர் வடிவதும் மெதுவாகிறது. குளிரில் புரதம் பிரியத் தயங்கும் என்பதால், கைதேர்ந்தவர்கள் முதலில் ஐஸ் இல்லாமல் ஒரு குலுக்கு, பிறகு ஐஸோடு ஒரு குலுக்கு. (பெருவில் மிக்ஸியில் போட்டு அடிப்பவர்களும் உண்டு. நுரைக்கு அதுவும் சம்மதமே.)

மேலே விடும் பழுப்புச் சொட்டு, மூலிகை ஊறிய கசப்புச் சாராயமான பிட்டர்ஸ். அழகுக்காக மட்டுமில்லை, மூக்கு நுரைக்கு அருகில் போகும்போது பச்சை முட்டை வாடையை அது மறைத்துவிடும்.

பிஸ்கோ என்பது திராட்சைச் சாற்றைப் புளிக்கவைத்து வடித்த சாராயம். 1916இல் லிமாவில் மதுக்கடை திறந்த விக்டர் மாரிஸ் என்ற அமெரிக்கர், விஸ்கி சவரில் விஸ்கிக்குப் பதில் பிஸ்கோவை ஊற்றினார் என்பது வழக்கமான கதை. வெள்ளைக்கருவைச் சேர்த்தவர் அவர் கடையில் வேலை பார்த்த மாரியோ புருயிகெட் என்பார்கள். ஆனால் 1903இல் லிமாவில் வந்த சமையல் புத்தகத்திலேயே பிஸ்கோ, எலுமிச்சை, சர்க்கரை, வெள்ளைக்கரு எல்லாம் சேர்ந்த குறிப்பு இருக்கிறது. சிலியும் இதைத் தன் பானம் என்கிறது. அங்கே பெரும்பாலும் முட்டை கிடையாது. பெரு 2007இல் இதைத் தேசியப் பாரம்பரியமாக அறிவித்தது. பிப்ரவரி முதல் சனிக்கிழமை இதற்கென்றே ஒரு நாள்.

மதுவும் எலுமிச்சையும் பச்சை முட்டையிலுள்ள கிருமியைக் கொன்றுவிடும் என்று நம்ப முடியாது. முட்டை வேண்டாதவர்களுக்கு மாற்று நம் அடுப்படியிலேயே இருக்கிறது: கொண்டைக்கடலை வேகவைத்து வடித்துக் கொட்டும் தண்ணீர். கொஞ்சம் சுண்டவைத்து ஆறியதும் அடித்துப் பாருங்கள், அதுவும் வெள்ளையாகப் பொங்கி நிற்கும்.