நாப்பது வருஷப் பழைய எஃப்எம், புது ஜீனோஸ்2-ல என்ன பண்ணுது?

நாகர்கோவில் பக்கம் ஒரு சர்ச்சுல கீபோர்டு வாசிக்கிற தம்பி ஒருத்தர் போன வாரம் வாட்ஸப்ல வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாரு. "அண்ணே, யமஹா ஜீனோஸ்2-ன்னு பல லட்சத்துக்கு ஒரு கீபோர்டு விக்கிறான், அதுல புதுசா என்ன இருக்குன்னு பாத்தா எஃப்எம் சவுண்டுன்னு போட்ருக்கான், எஃப்எம் எங்கப்பா காலத்து டிஎக்ஸ்7-லயே இருந்ததுதான? பழைய சோத்தத் தாளிச்சு புதுசுன்னு விக்கிறானா?"

நியாயமான சந்தேகம்தான். (எஃப்எம்ங்கறது சத்தத்த ரெக்கார்டு பண்ணி வைக்காம, கணக்கு போட்டு உண்டாக்குற ஒரு முறை. டிஎக்ஸ்7-ங்கறது 1983-ல யமஹா விட்ட எஃப்எம் கீபோர்டு.) ரெண்டு வரியில பதில் சொல்ல உக்காந்தேன், இங்க வந்து நிக்குது.

அரேஞ்சர் கீபோர்டுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு மட்டும் வேகமா சொல்லிடறேன். வலது கையில மெலடி வாசிப்பீங்க, இடது கையில கார்டு, அதாவது சேந்து ஒலிக்கிற ரெண்டு மூணு சுரம், புடிப்பீங்க, நீங்க புடிச்ச கார்டுக்கு ஏத்த மாதிரி ட்ரம்ஸ், பேஸ், கிட்டார், ஸ்ட்ரிங்ஸ்னு ஒரு முழு பேண்டே உங்க பின்னாடி வாசிக்கும், ஸ்டைல்னு நாம சொல்றது இதத்தான். அந்த பேஸ், கிட்டார் பேட்டர்ன் எல்லாத்தையும் பொதுவா சி மேஜர் செவன்த் கார்டுலதான் போட்டு வச்சிருப்பாங்க, நீங்க ஏ மைனர் புடிச்ச அந்த நொடியில ஒவ்வொரு சுரத்தையும் எங்க நகர்த்தணும்னு கீபோர்டு கணக்கு போட்டு மாத்திக்கும். அது தனி அதிசயம், இன்னொரு நாள் எழுதறேன். யமஹாவுல இந்த வரிசையோட உச்சத்துல 2002-ல இருந்து டைரோஸ் இருந்துச்சு, அஞ்சாவது டைரோஸ் வரைக்கும் போய், 2017-ல ஜீனோஸ்னு பேரு மாத்தி, 2023 நவம்பர்ல ஜீனோஸ்2 வந்துச்சு.

புதுசுன்னு சொல்றதுல பாதி எதிர்பாத்ததுதான். நாமளே சவுண்டு ஏத்திக்கிற மெமரி 1.8 ஜிபில இருந்து 3 ஜிபி ஆச்சு, சரி. மியூசிக் சாஃப்ட்வேர் பண்ற ஸ்டெய்ன்பெர்க் கம்பெனியோட ரிவர்ப் (எதிரொலி சேக்கற எஃபெக்ட்) ஒண்ணைக் கொண்டாந்து உள்ள வச்சிருக்காங்க, ஸ்டெய்ன்பெர்க்கும் யமஹா கையிலதான இருக்கு, இதுவும் சரி. ட்ரம்ஸ் விஷயத்துல மட்டும் ஒரு நல்ல வேலை பண்ணிருக்காங்க. ட்ரம்முக்குப் பக்கத்து மைக்ல விழுந்த சத்தம் தனியா, அந்த ரூம்ல எதிரொலிச்ச சத்தம் தனியான்னு ரெண்டையும் வச்சிருக்காங்க, எவ்வளவு ரூம் வேணுமோ நீங்களே கலந்துக்கலாம். இதுக்கு ஆம்பியன்ட் ட்ரம்ஸ்னு பேரு. ரிவர்ப் போட்டு பூசி மெழுகுறதுக்கும் நிஜ ரூம் சத்தத்துக்கும் இருக்கிற வித்தியாசம் ஸ்னேர் ட்ரம் அடிச்சதும் தெரியும்.

அப்புறம் சூப்பர் ஆர்டிகுலேஷன் 2. இது 2008-ல டைரோஸ்3-லயே வந்ததுதான், இப்ப அந்த வகை டோன்கள் இன்னும் கூடியிருக்கு. ஒரு சாக்ஸபோன் சுரத்தை தலை, உடம்பு, மூட்டு, வால்னு துண்டு துண்டா ரெக்கார்டு பண்ணி வச்சிருப்பாங்க. ஒரு கட்டைய விடாமலே அடுத்த கட்டைய அமுக்கினா, முதல் சுரத்தோட உடம்புல இருந்து ரெண்டாவதோட உடம்புக்குப் போக நடுவுல நிஜமா ஒரு ஆளு ஊதுன மூட்டை எடுத்துச் சொருகும். அதனாலதான் இழைஞ்சு கேக்குது. நம்மூரு கமகத்துக்கு இது உதவுமான்னு கேட்டா, அந்த மூட்டெல்லாம் ஜாஸ், பாப் ஆளுங்க ஊதுறதுக்குன்னு பண்ணது, ஒரு தோடி புடிச்சுப் பாருங்க, பல்லிளிச்சிரும். நமக்கு இன்னும் பிட்ச் வீல், அதாவது சுருதிய மேல கீழ வளைக்கிற சக்கரம்தான் கதி.

இப்ப எஃப்எம்முக்கு வருவோம்.

மேல சொன்ன எல்லாமே சாம்பிள், அதாவது ஃபோட்டோ மாதிரி. ஒரு எலக்ட்ரிக் பியானோவோட கட்டைய மெல்ல அடிச்சு ஒரு ஃபோட்டோ, நடுத்தரமா அடிச்சு ஒண்ணு, ஓங்கி அடிச்சு ஒண்ணு. நீங்க அமுக்குற வேகத்தப் பாத்து எந்த ஃபோட்டோவை காட்டணுமோ அதக் காட்டும். எத்தன ஃபோட்டோ எடுத்தாலும் ரெண்டு ஃபோட்டோவுக்கு நடுவுல ஒரு இடுக்கு இருக்கத்தான் செய்யும், ஒரே கட்டைய மெதுவா ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா ஓங்கிக்கிட்டே போனா ஒரு இடத்துல டக்குனு டோன் மாறுறது காதுக்குத் தெரியும். முதல் ஜீனோஸ்ல இருந்த டிஎக்ஸ் டோன்லாம் இப்படி ஃபோட்டோதான். ஜீனோஸ்2-ல எஃப்எம் எஞ்சினையே உள்ள வச்சிட்டாங்க. எஃப்எம்ல ஃபோட்டோவே கிடையாது, ஒவ்வொரு தடவ கட்டைய அமுக்கும்போதும் அந்த சத்தம் அப்பதான் கணக்கு போட்டுப் பொறக்குது.

அந்தக் கணக்கு என்னன்னு பாக்க நீங்க ஒரு வீணையப் பக்கத்துல வச்சுக்கிட்டா போதும். கம்பிய இழுத்து அசைக்கும்போது சுருதி மேல கீழ ஆடுதில்ல, நொடிக்கு அஞ்சு ஆறு தடவ. ஒரு அலையோட அதிர்வெண்ணை இன்னொரு மெதுவான அலை ஆட்டுது. அதிர்வெண் பண்பேற்றம்னு பள்ளிக்கூடத்துல படிச்சமே, ரேடியோ எஃப்எம், அதே எஃப்எம்தான் இது.

1967-ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டில ஜான் சவுனிங்னு ஒருத்தர், அவர் இன்ஜினியர் இல்ல, இசையமைப்பாளர், கம்ப்யூட்டர்ல இந்த அசைவத்தான் பண்ணிப் பாத்துட்டிருந்தாரு. மனுஷன் விரலால நொடிக்கு ஏழெட்டு தடவைக்கு மேல அசைக்க முடியாது. கம்ப்யூட்டருக்கு அந்தக் கவலை இல்லையே, அதனால 20, 50, 100-ன்னு ஏத்திக்கிட்டே போனாரு, எவ்வளவு தூரம் ஆடணும்ங்கிறதையும் சேத்து ஏத்தினாரு. ஒரு கட்டத்துக்கு மேல காதுக்கு அசைவு கேக்கறது நின்னுபோச்சு. அதுக்கு பதிலா ஒரு புது டோன் கேட்டுச்சு!

இத நானும் லேப்டாப்ல பத்து வரி ப்ரோகிராம் எழுதி பண்ணிப் பாத்தேன். 200 ஹெர்ட்ஸ் அலை ஒண்ணு, அத ஆட்ட இன்னொரு அலை. ஆட்டுறது 5 ஹெர்ட்ஸ்னா ஆம்புலன்ஸ் மாதிரி ஊய்ங் ஊய்ங்னு இருக்கு, 25-க்கு வந்ததும் கரகரன்னு ஒரு உறுமல், அடுப்படியில இருந்து அம்மா "என்னடா கிரைண்டர் ஓடுது, நான் போடவே இல்லையே"ன்னு கேட்டாங்க. 200-ல கொண்டு நிறுத்துனேன். உறுமல் போயி கணீர்னு ட்ரம்பெட் வாசனையோட ஒரு சுரம்! ரெண்டே ரெண்டு சாதா சைன் அலை, ரெண்டும் தனியா கேட்டா விசில் மாதிரி செத்த சத்தம், ஒண்ணு இன்னொண்ணை ஆட்டும்போது இப்படி.

ஏன் இப்படின்னா, ஆட்டம் வேகமா ஆகும்போது நடு அலையோட ரெண்டு பக்கமும் புது அலைகள் முளைக்குது. நடு அலை 400, ஆட்டுறது 100-ன்னு வைங்க. 300-லயும் 500-லயும் ஒண்ணு, 200, 600-ல ஒண்ணு, 100, 700-ல ஒண்ணுன்னு ரெண்டு பக்கமும் படிக்கட்டு மாதிரி போகும். எல்லாமே 100-ஓட மடங்கு, அதனால காது இத 100 ஹெர்ட்ஸ்ல வாசிக்கிற ஒரே வாத்தியம்னு எடுத்துக்கும். இத்தனை அலையையும் ஒவ்வொண்ணா உண்டாக்கிச் சேக்கணும்னா அன்னைக்கு கம்ப்யூட்டர் மூச்சுமுட்டிச் செத்திருக்கும், இங்க ரெண்டு அலையில வேலை முடிஞ்சிருது.

ரெண்டு அலையோட விகிதத்தை மட்டும் மாத்துங்க, வாத்தியமே மாறும். 1-க்கு 1 வச்சா பித்தளை வாத்தியம். 1-க்கு 2 வச்சா ஒத்தைப்படை மடங்கு மட்டும் வரும், கிளாரினெட் மாதிரி ஒரு உள்ளீடத்த சத்தம். 1-க்கு 1.4 வச்சா 200-ஐ 280 ஆட்டும், 480, 760, 80, 360-ன்னு முளைக்கிற இந்த நாலுமே 200-ஓட மடங்குல நிக்காது. காது குழம்பிரும், அந்தக் குழப்பத்துக்குப் பேருதான் மணியோசை. நிஜ மணியிலயும் இப்படித்தான் மடங்குல அடங்காத அலைங்க இருக்கு. (இந்த 80 எங்கேந்து வந்துச்சுன்னு கேக்கறவங்களுக்கு: 200-ல 280 கழிச்சா மைனஸ் 80, அது அப்படியே மடிஞ்சு இந்தப் பக்கம் 80-ஆ வந்து நிக்கும்.)

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுக்கு அப்புறம் வர்றது. எவ்வளவு பலமா ஆட்டுறோமோ அவ்வளவு தூரத்துக்குப் படிக்கட்டு நீளும், ஆனா மொத்த சக்தி கூடாது, நடு அலைகிட்ட இருந்து வாங்கித்தான் பக்கத்துக்குப் போகும். கணக்குல இத பெஸ்ஸல் சார்புன்னு படிச்சிருப்பீங்க, படிச்சப்ப எனக்கும் தூக்கம்தான் வந்துச்சு. ஆட்டத்தோட பலம் (நடு அலை எவ்வளவு ஹெர்ட்ஸ் விலகுதோ அத ஆட்டுற அலையோட ஹெர்ட்ஸால வகுத்தா வர்ற எண்) 2.4-ஐத் தொடும்போது பக்கத்து அலைங்க எல்லாம் இருக்கும், நடு அலை மட்டும் சுத்தமா காணாமப் போயிரும். எல்லாருக்கும் பந்தி பரிமாறிட்டு கல்யாண வீட்டுக்காரர் பட்டினி கெடக்கற மாதிரி. அதத் தாண்டிப் போனா திரும்ப வரும்.

இப்ப கீபோர்டுக்கு வாங்க. டிஎக்ஸ்7-ல ஆறு அலை, அதுல எது எத ஆட்டணும்ங்கிறதுக்கு 32 விதமான இணைப்பு. அதோட புகழ்பெற்ற எலக்ட்ரிக் பியானோ டோன்ல ஒரு ஜோடி எப்படின்னா, நடு அலை 1, அத ஆட்டுற அலை 14. பதினாலு மடங்கு! அந்த ஆட்டுற அலை கட்டை அமுக்கினதும் வந்து வேகமா அடங்கிரும், அதனால ஆரம்பத்துல மட்டும் ஒரு "டிங்", அப்புறம் உருண்டையான சத்தம். எண்பதுகளோட பாட்டுங்களக் கேட்டவங்களுக்கு அந்த டிங் நல்லாவே தெரியும். அந்த ஆட்டுற அலையோட பலத்தை உங்க விரல் வேகத்தோட கட்டி வச்சிருக்காங்க. மெல்ல தொட்டா டிங் இல்ல, கொஞ்சம் அழுத்தினா கொஞ்சம் டிங், ஓங்கினா கொத்தும். நடுவுல இடுக்கே கிடையாது, ஃபோட்டோவுல இருந்து ஃபோட்டோவுக்குத் தாவல, அலை அலையா முளைச்சு வருது. சாம்பிள் பண்ண டிஎக்ஸ் டோன்ல காணாமப் போனது இந்த உயிர்தான்.

அப்ப ஏன் நடுவுல எஃப்எம்மை விட்டாங்கன்னா, மெமரி சிப் விலை இறங்குச்சு. 1988-ல கோர்க் எம்1 மாதிரி சாம்பிள் கீபோர்டுங்க வந்ததும் எல்லாரும் நிஜ பியானோ, நிஜ புல்லாங்குழல்னு அந்தப் பக்கம் ஓடிட்டாங்க. எஃப்எம்ல டோன் பண்றதும் லேசுப்பட்ட வேலை இல்ல, ஒரு எண்ணை மாத்தினா வயலின் தகர டப்பா ஆயிரும். பாவம் எஃப்எம், கம்ப்யூட்டர்ல சத்தத்துக்குன்னு சொருகுற சவுண்ட் பிளாஸ்டர் கார்டுலயும் செகா வீடியோ கேம்லயும் போய் குடித்தனம் நடத்துச்சு.

சவுனிங் கதையில எனக்கு ஒரு ஆத்தாமை உண்டு, சொல்லிடறேன். அந்த மனுஷன் இத கண்டுபிடிச்சு வச்சிருந்தும் எழுபதுகளோட தொடக்கத்துல ஸ்டான்ஃபோர்டு அவருக்கு நிரந்தர வேலை கொடுக்கல. அமெரிக்காவுல ஆர்கன் பண்ற கம்பெனிங்ககிட்ட கொண்டு போனப்ப அவங்களுக்கும் புரியல. ஜப்பான்ல யமஹாவுக்குத்தான் புரிஞ்சுது, உரிமம் வாங்கி, சிப்ல அடக்க வருஷக்கணக்கா மெனக்கெட்டு, 1983-ல டிஎக்ஸ்7 வந்து உலகத்தையே புரட்டிப் போட்டுச்சு. அதே ஸ்டான்ஃபோர்டுக்கு அந்த காப்புரிமையில 2 கோடி டாலருக்கு மேல வந்துச்சு, சவுனிங்கையும் திரும்பக் கூப்பிட்டு பேராசிரியர் ஆக்கினாங்க. "வீணை அசைவ மனுஷனால முடியாத வேகத்துல பண்ணிப் பாக்கப் போறேன், பணம் குடுங்க"ன்னு நம்மூர்ல ஒரு ஆராய்ச்சி மாணவர் எழுதிக் குடுத்தா அந்த விண்ணப்பம் எந்த மேசை வரைக்கும் போகும்னு நினைக்கிறீங்க? இதனால நாட்டுக்கு என்ன பயன்னு ஒரு கட்டம் இருக்கும் அந்த ஃபார்ம்ல, அதுல என்ன எழுதறது. ஆனா 432 ஹெர்ட்ஸ்ல சுருதி வச்சா வியாதி தீரும்னு ஒருத்தர் கிளம்பினா மண்டபம் நிறைஞ்சிரும். ஹெர்ட்ஸ்ங்கறது நொடிக்கு எத்தன தடவங்கற எண்ணிக்கை, அந்த நொடியே நாம பிரிச்சு வச்ச அளவு, அதுல எந்த எண்ணுக்கு என்ன தெய்வாம்சம் வந்துரப்போகுது?

சரி, தம்பிக்கு பதில். ஏமாத்து வேலை இல்ல. எஃப்எம்ல இன்னைக்கும் சாக்ஸபோனையோ மனுஷக் குரலையோ நம்பற மாதிரி பண்றது ரொம்பக் கஷ்டம், அதுக்கு ஃபோட்டோதான் தோது. எலக்ட்ரிக் பியானோ, மணி, அந்தக் கால சிந்தசைசர் பேஸ் மாதிரி விஷயங்கள்ல ஃபோட்டோ தோத்துரும், அங்க கணக்குதான் ஜெயிக்கும். ஒரே கீபோர்டுல ரெண்டையும் வச்சது சரியான முடிவுன்னுதான் நான் சொல்வேன். அதுக்கு அவ்வளவு பணம் குடுக்கலாமாங்கறது உங்க பாக்கெட் விஷயம், நான் குடுக்க மாட்டேன், ஏன்னா எங்கிட்ட இல்ல.

இதையெல்லாம் பேசி அனுப்பிட்டு, என்னோட பத்து வரி ப்ரோகிராமையும் அனுப்பி வச்சேன். ராத்திரி பதினோரு மணிக்கு பதில் வந்துச்சு. "அண்ணே, 1-க்கு 1.4 போட்டுப் பாத்தேன், அச்சு அசலா கோயில் மணி. ஆனா எங்க சர்ச் மணியில சின்னதா ஒரு விரிசல் இருக்கு, அந்த சத்தம் வரமாட்டேங்குது. விகிதத்த எவ்வளவு வைக்கணும்?"

மூணு நாளா நானும் தேடிட்டிருக்கேன்.