இம்மொபிலைசர் காரைக் கிளம்ப விடாதபோது எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கார்களின் மின்பழுது பார்க்கும் தொழிலில் நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம், “இன்ஜின் கம்ப்யூட்டர் போய்விட்டதாம், மாற்றச் சொல்கிறார்கள்” என்பதாகும். அப்படி வரும் வண்டிகள் பலவற்றில் அந்தக் கம்ப்யூட்டர் நன்றாகவே இருக்கிறது. திருட்டைத் தடுப்பதற்காக வைக்கப்பட்ட இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காண முடியாததால் இன்ஜினை ஓட விடாமல் நிறுத்தியிருக்கும். ஏன் அடையாளம் காணவில்லை என்று தேடுவதற்கு முன்பே விலை உயர்ந்த பாகத்தின் மீது கை வைப்பது, வண்டிக்காரருக்கு இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன்.

சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சிறிய சிப் இருக்கிறது. அதற்குத் தனி பேட்டரி கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் காந்தப்புலத்தை உண்டாக்க, அதிலிருந்தே மின்சாரம் பெற்று, சிப் தன் குறியீட்டைத் திருப்பி அனுப்புகிறது. பதிவு செய்து வைத்த குறியீட்டோடு அது பொருந்தினால்தான் எரிபொருளும் தீப்பொறியும் அனுமதிக்கப்படும். ஜெர்மனியில் 1998 ஜனவரியிலிருந்தும் கனடாவில் 2007 செப்டம்பரிலிருந்தும் புதிய கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயமாக்கப்பட்டது. எனவே இன்று சாலையில் ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றில் இது இருக்கிறது.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். கதவைத் திறந்து பூட்டும் ரிமோட் வேறு, இன்ஜினை அனுமதிக்கும் சிப் வேறு. இரண்டும் ஒரே சாவிக்குள் இருப்பதால் ஒன்றாகத் தோன்றுகின்றன. துவாரத்தில் செருகித் திருகும் சாவியில் பட்டன் பேட்டரி தீர்ந்து போனால் கதவு ரிமோட்டுக்குப் பணியாது, ஆனால் இன்ஜின் கிளம்ப வேண்டும். மாறாக, ரிமோட் கச்சிதமாக வேலை செய்யும் சாவியை ஒரு முறை பலமாகக் கீழே போட்டதில் சிப் உடைந்திருந்தால், கதவு திறக்கும், சாவி திரும்பும், இன்ஜின் மட்டும் ஓடாது. பல்லை மட்டும் வெட்டிச் செய்த நகல் சாவியிலும் இதே நிலைதான்.

பழுதின் திசையைச் சொல்வது டேஷ்போர்டில் சாவி அல்லது பூட்டு வடிவில் எரியும் விளக்கு. வண்டி நிற்கும்போது அது மெதுவாக மின்னுவது பல கார்களில் இயல்பு. இக்னிஷனைப் போட்ட பிறகும் அணையாமல் எரிந்தாலோ வேகமாக மின்னினாலோ சாவி ஏற்கப்படவில்லை என்று பொருள். இன்ஜின் கிளம்பி, ஓரிரு நொடிகளில் தானாக அணைந்து போவதும் இம்மொபிலைசரின் வழக்கமான அடையாளம். சில வடிவமைப்புகளில் செல்ஃபே எடுக்காது. விளக்கு முறையாக அணைந்த பின்னும் இன்ஜின் ஓடவில்லையென்றால், எரிபொருள் பம்ப் போன்ற வேறு இடங்களைத்தான் பார்க்க வேண்டும்.

சாவி ஏற்கப்படவில்லை என்று விளக்கு காட்டினால் முதல் சோதனை இரண்டாவது சாவி. அதில் வண்டி கிளம்பிவிட்டால் கோளாறு முதல் சாவியில்தான் இருக்கிறது. சோதிக்கும்போது வளையத்தில் கோத்திருக்கும் மற்ற சிப் சாவிகளைக் கழற்றிவிட வேண்டும், ஏனெனில் அருகருகே இருக்கும் இரண்டு சிப்கள் ஒன்றன் பதிலை மற்றொன்று குலைக்கக்கூடும். இரண்டு சாவிகளும் ஏற்கப்படாவிட்டால் கம்பிச்சுருளையும் அதன் இணைப்பையும் சந்தேகிக்கலாம். ஆனால் அதற்கும் முன்னால் காரின் பேட்டரியை அளந்துவிட வேண்டும்.

பேட்டரியை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. முழுமையாக சார்ஜ் ஆன பேட்டரி ஓய்வில் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் சுழலும்போது அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால், கட்டுப்பாட்டு அமைப்புகள் அந்தக் கணத்தில் தடுமாறி, சாவியையே படிக்காமல் விட்டுவிடலாம். அப்போது எரியும் எச்சரிக்கை விளக்கு திருட்டுத் தடுப்பைக் குற்றம் சாட்டுகிறது, உண்மைக் குற்றவாளியோ பேட்டரியில் ஒயர் இணையும் தளர்ந்த டெர்மினலாக இருக்கிறது. இந்த ஒரு அளவீட்டுக்கு மல்டிமீட்டரும் சில நிமிடங்களும் போதும்.

பட்டனை அழுத்திக் கிளப்பும் கார்களில் ரிமோட்டின் பேட்டரி தீர்ந்தால் “சாவி இல்லை” என்ற செய்தி வரும். சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்தபடி அழுத்தினால் பல கார்கள் கிளம்பிவிடும். எங்கே பிடிப்பது என்பது காரின் கையேட்டில் இருக்கும். பிரேக் மிதியின் சுவிட்ச் பழுதானாலும் இவ்வகைக் கார்கள் கிளம்புவதில்லை, ஆகவே பிரேக் விளக்கு எரிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்னாளில் வெளிக்கடைகளில் பொருத்திய அலாரங்கள் தனி வகை. முறுக்கி டேப் சுற்றிய ஒயர் இணைப்புகளும், இன்ஜினை நிறுத்துவதற்காக இடையில் வைத்த ரிலே என்ற மின்சுவிட்சும் நாளடைவில் தளர்ந்து, தொழிற்சாலை அமைப்பின் மீது பழியைப் போடுகின்றன. அலாரம் இருப்பதை மெக்கானிக்கிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இவற்றுக்குப் பிறகும் தீரவில்லையென்றால் ஸ்கேனர் கருவியை இணைத்து, கார் பதிந்து வைத்திருக்கும் பழுதுக் குறியீட்டை, அதாவது கோடை, படிக்க வேண்டும். பி0513 என்பது தவறான இம்மொபிலைசர் சாவியைக் குறிக்கும் பொதுக் கோட். படித்த கோட் என்ன, அதை எந்த அளவீட்டால் உறுதி செய்தார்கள் என்று கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை; அதற்குப் பதில் கிடைக்கும் வரை கம்ப்யூட்டர் மாற்றச் சம்மதிக்காதீர்கள். இம்மொபிலைசரையே நிரந்தரமாக நீக்கித் தருகிறோம் என்பவர்களிடமும் வண்டியை விடாதீர்கள், ஏனெனில் அதன் பிறகு அந்தக் கார் திருடனுக்கும் அதே எளிமையில் கிளம்பும். இரண்டாவது சாவி இல்லாதவர்கள், முதல் சாவி நன்றாக இருக்கும்போதே ஒன்றைப் பதிவு செய்துகொள்ளுங்கள். எல்லாச் சாவிகளும் தொலைந்த பிறகு அதே வேலைக்கு உரிமைச் சான்றும் காரின் பாதுகாப்புக் குறியீடும் தேவைப்படும், செலவும் பல மடங்கு கூடும்.