ஒன்பதாவது ஃபைனல் ஃபேண்டசியும் தாத்தாவின் அறையும்

“விளையாடினாலும் பரவாயில்லை மேடம். இவன் விளையாடக்கூட இல்லை. சும்மா நிற்கிறான்.”

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி வந்த ஓர் அம்மா, நாற்காலியில் சரியாக உட்காரும் முன்பே சொன்னது இது. மகனுக்கு 14 வயது, படிவம் 2. இரவு இரண்டு மணிக்குப் போர்வைக்குள் வெளிச்சம். இழுத்துப் பார்த்தால் அப்பாவின் பழைய கைப்பேசி. திரையில் சண்டை இல்லை, ஓட்டம் இல்லை. கூர்த் தொப்பி போட்ட ஒரு பொம்மை, கல்லறை மாதிரி ஓர் இடத்தில் அசையாமல் நிற்கிறது. “இது கேம் அடிக்‌ஷன்தானே?” என்று கேட்டார். எந்த நாள் எத்தனை மணி நேரம் என்று ஒரு நோட்டில் எழுதியே கொண்டுவந்திருந்தார்.

கேமின் பெயர் என்ன என்றேன். தெரியவில்லை. “முகமே இல்லை மேடம், ஒரே இருட்டு. கண் ரெண்டு மட்டும் மஞ்சளா மின்னுது.”

எனக்குத் தெரிந்துவிட்டது. அது விவி, ‘ஃபைனல் ஃபேண்டசி’ வீடியோ கேம் வரிசையின் ஒன்பதாவதில் வரும் குட்டி மந்திரவாதி.

நான் மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ்டவுனில் பதின்ம வயதுப் பிள்ளைகளைப் பார்க்கும் மனநல ஆலோசகர். இங்கே சொல்வது அப்படியே ஒரே குடும்பத்தின் கதை இல்லை. இரண்டு மூன்று வீடுகளின் விஷயங்களைக் கலந்து, யாரும் யாரையும் அடையாளம் காண முடியாதபடி மாற்றியிருக்கிறேன். கேமைப் பற்றிச் சொல்வதை மட்டும் மாற்றவில்லை. கேமின் கதையைச் சொல்லப்போகிறேன், அதனால் இனிமேல்தான் விளையாட வேண்டும் என்று வைத்திருப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டுக்கு அந்த கேம் பாசார் மாலாமிலிருந்து, அதாவது இரவுச் சந்தையிலிருந்து வந்தது. நான்கு குறுந்தட்டுகள், ஒரு பிளாஸ்டிக் உறை, அட்டைப்படம் மங்கிய நகல். ஒரிஜினல் வாங்க எங்களிடம் காசு ஏது? அண்ணன்தான் விளையாடுவான். ஆனால் ஃபைனல் ஃபேண்டசி ஒன்பதில் ஒரு வசதி இருந்தது: சண்டை வரும்போது மட்டும் சில பாத்திரங்களை இரண்டாவது கண்ட்ரோலருக்குக் கொடுக்கலாம். அண்ணன் எனக்கு விவியைக் கொடுத்தான். ஊர் சுற்றுவதெல்லாம் அவன், நெருப்பு மந்திரம் போடுவது நான்.

இந்த வரிசையைப் பற்றித் தெரியாத பெற்றோருக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் முதல் ஃபைனல் ஃபேண்டசியை 1987இல் வெளியிட்டது. ஒவ்வோர் எண்ணும் தனிக் கதை, தனி உலகம். ஏழாவது 1997இல் வந்து உலகத்தையே பிடித்துக்கொண்டது. எட்டாவது 1999. இரண்டிலும் இயந்திரம், துப்பாக்கி, ரயில் என்று நவீன உலகம். 2000ஆம் ஆண்டு ஜூலையில் ஜப்பானில் வெளிவந்த ஒன்பதாவது திடீரென்று பின்னால் திரும்பி, கோட்டை, இளவரசி, குதிரை வீரன் போன்ற நிமிர்வுள்ள ஒரு தளபதி, ஸ்படிகம் என்று பழைய காலத்துக்குப் போனது. பெரிய தலையும் குட்டி உடம்புமாகப் பாத்திரங்கள். அண்ணனின் கூட்டாளிகள் “சின்னப் பிள்ளை கேம்” என்றார்கள். அடுத்த ஆண்டே பிளேஸ்டேஷன் 2இல் பேசும் குரல்களோடு பத்தாவது வந்ததும் இது கொஞ்சம் மறைந்துபோனது. இந்த வரிசையைத் தொடங்கிய ஹிரோனோபு சகாகுச்சிக்கு மட்டும் தான் செய்ததில் இதுதான் மிகவும் பிடித்தது.

எனக்கும் அதுதான். பழைய ஞாபகம் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு இன்னொரு காரணம் தெரிந்தது. ஏழாவதில் ஒரு தோழி இறந்துபோகிறாள். விளையாடியவர்கள் எல்லாரும் அழுதிருப்பார்கள், நானும் அழுதேன். பத்தாவதில் சாவுச் சடங்கே கதையின் நடுவில் இருக்கிறது. ஒன்பதாவதில் வேறு ஒன்று நடக்கிறது. தனக்கு ஆயுள் குறைவு என்று ஒரு சிறுவனுக்கே தெரியவருகிறது. தெரிந்த பிறகும் அவன் மறுநாள் எழுந்து நடக்க வேண்டும்.

விவிக்கு ஒன்பது வயது. வளர்த்த தாத்தா இறந்துபோனதால் தனியாக ஊருக்கு வருகிறான், கையில் ஒரு நாடக டிக்கெட். அதுவும் போலி. நடக்கும்போது தடுக்கி விழுவான், கூச்சத்தில் தொப்பியைச் சரிசெய்வான். கொஞ்ச தூரம் போனதும் ஒரு கிராமத்தின் அடியில் இருக்கும் தொழிற்சாலையைப் பார்க்கிறான். அங்கே தன்னைப் போன்ற பொம்மைகளைச் செய்து பெட்டியில் அடைக்கிறார்கள். போருக்காகச் செய்யப்பட்ட கருப்பு மந்திரவாதிகள். தானும் அந்த இனம்தான் என்று மெல்லப் புரிகிறது. அப்புறம் காட்டுக்குள் ஒரு கிராமம். தானாகச் சிந்திக்கத் தொடங்கித் தப்பி வந்த மந்திரவாதிகள் அங்கே ஒளிந்து வாழ்கிறார்கள். அவர்களுக்குப் பெயர் இல்லை, எண்தான். சிலர் திடீரென்று “நின்றுவிடுகிறார்கள்”. சாவு என்ற சொல் அவர்களுக்கு இன்னும் பழகவில்லை. நின்றவர்களை மண்ணில் புதைத்து, மேலே தொப்பியை வைக்கிறார்கள். நண்பன் மண்ணுக்குள்ளிருந்து எப்போது வெளியே வருவான் என்று ஒருவன் கல்லறைப் பக்கம் காத்திருக்கிறான். 288ஆம் எண்காரனுக்கு மட்டும் கணக்கு தெரியும்: பெரும்பாலும் செய்யப்பட்டு ஓர் ஆண்டில் நின்றுவிடுவார்கள். அதை அவன் மற்றவர்களிடம் சொல்லாமல் தனக்குள்ளேயே வைத்திருக்கிறான்.

பையன் நின்ற இடம் இந்தக் கல்லறைதான்.

முதல் சந்திப்பில் அவன் வாய் திறக்கவில்லை. இரண்டாவது சந்திப்பில், “எனக்கு அந்த கேம் தெரியும், விவிதான் என் ஆள்” என்றேன். நிமிர்ந்து பார்த்தான். அந்தக் கைப்பேசியில் இருப்பது 2016இல் வெளிவந்த பதிப்பு. விளையாடிக் காட்டு என்றேன். காட்டினான், காட்டிக்கொண்டே பேசினான். தாத்தாவும் அவனும் ஒரே அறையில் படுப்பவர்கள். நான்கு மாதத்துக்கு முன் தாத்தா தவறிவிட்டார். பள்ளித் தேர்வு நேரம் என்று அவனைப் பக்கத்து வீட்டில் விட்டிருக்கிறார்கள். சுடுகாட்டுக்கும் போகவில்லை, கருமாதியன்றும் கூட்டத்தில் யாரும் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. “தாத்தா சாமிகிட்ட போயிட்டாருன்னு சொன்னாங்க.” இரவில் தாத்தாவின் இருமல் சத்தம் இல்லாமல் அறை ரொம்ப அமைதியாக இருக்கிறது, தூக்கம் வரவில்லை. கேமின் இசையைச் சன்னமாக வைத்துக்கொண்டு படுத்திருப்பான். அந்தக் கிராமம்தான் பிடிக்கும். ஏன் என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினான்.

பிறகு ஒரு கேள்வி கேட்டான். “288க்கு முன்னாடியே தெரியும்ல? தாத்தாவுக்கும் முன்னாடியே தெரியுமா மேடம்?”

தெரியும். வீட்டில் எல்லாருக்கும் தெரியும். புற்றுநோய் என்று எட்டு மாதத்துக்கு முன்பே டாக்டர் சொல்லியிருக்கிறார். பையனிடம் மட்டும் மறைத்திருக்கிறார்கள், படிப்பு கெட்டுவிடும் என்று.

பிள்ளைகளிடம் மறைப்பது நம் வீடுகளில் பாசத்தின் ஓர் உருவம், அது எனக்குப் புரிகிறது. ஆனால் மறைத்த வீட்டில் பிள்ளை தானே ஒரு விளக்கத்தைத் தேடிப்போகும். இவனுக்கு நல்ல விளக்கமாகக் கிடைத்தது, அதிர்ஷ்டம்தான்.

இந்த கேமில் இன்னோர் இடத்தையும் நான் பெற்றோரிடம் சொல்வதுண்டு. இளவரசி கார்னெட், டாகர் என்று பெயர் மாற்றிக்கொண்டு வருபவள். தாயை இழந்து, ஊரும் அழிந்த பிறகு அவளுக்குப் பேச்சு நின்றுவிடுகிறது. கதையில் மட்டும் இல்லை, சண்டையிலும் அது தொடர்கிறது. “மருந்து மந்திரம் போடு” என்று கட்டளை கொடுத்தால், சில முறை அவளால் மனத்தை ஒருமுகப்படுத்த முடியவில்லை என்று திரை சொல்லும். உங்கள் முறை வீணாகும். பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் சரி, அவள் தயாராக இல்லை. அன்றைக்கு அண்ணன் கடுப்பாகி டிவியைத் திட்டினான். இப்போது, “கவனமே இல்லை, எத்தனை தடவை சொல்றது” என்று என் அறையில் கோபப்படும் அப்பாக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு டாகர்தான் நினைவுக்கு வருகிறாள். துக்கத்தில் கவனம் போகும். அது சோம்பேறித்தனம் இல்லை. அதை ஒரு விளையாட்டின் விதியாகவே செய்து வைத்தது யார் யோசனையோ, கைகொடுக்க வேண்டும்.

வில்லன் குஜாவுக்கும் தன் ஆயுளுக்கு எல்லை உண்டு என்று தெரியவருகிறது. நான் இல்லாத உலகம் எதற்கு என்று ஓர் உலகத்தையே கொளுத்துகிறான். விவிக்கும் அதே செய்திதான் வந்தது. இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னால் பிள்ளைகள் நன்றாகவே பேசுகிறார்கள், பாடப்புத்தகக் கேள்விக்குப் பேசுவதைவிட.

குறை இல்லாத கேம் இல்லை. பழைய பிளேஸ்டேஷனில் ஒவ்வொரு சண்டையும் திறக்க நேரம் எடுக்கும். கடைசி எதிரி எங்கிருந்து வந்தான் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. எக்ஸ்காலிபர் 2 என்ற வாள் வேண்டுமென்றால், கடைசிக் கட்டத்தில் அது இருக்கும் இடத்துக்கு ஆட்ட நேரம் 12 மணிக்குள் போயாக வேண்டும். நிதானமாக ரசிக்க வேண்டிய கதையில் இப்படி ஒரு ஓட்டப்பந்தயம்! அண்ணன் ஒரு பள்ளி விடுமுறை முழுக்க அதை முயன்று, சாப்பாட்டையும் விட்டு, அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். வாளும் கிடைக்கவில்லை.

சரி, அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். உலகச் சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் ‘விளையாட்டுக் கோளாறு’ என்ற ஒன்றைச் சேர்த்திருக்கிறது. அது 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் இத்தனை மணி நேரம் ஆடினால் நோய் என்ற கணக்கே கிடையாது. விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அதுவே முதலில் நிற்பது, கெடுதல் வந்த பிறகும் விடாமல் தொடர்வது, இவைதான் பார்க்கப்படும். படிப்பு, குடும்பம், நட்பு பெரிய அளவில் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். வழக்கமாக 12 மாதமாவது இது நீடித்திருக்க வேண்டும். நோட்டில் எழுதிய மணிக்கணக்கு வீண் என்று சொல்லவில்லை. ஆனால் அதில் இரவு நேரம் மட்டுமே நிறைந்திருந்தது. பகலில் பையன் அதைத் தொடவே இல்லை. அங்கேதான் எனக்கு இது தூக்கத்தின், துக்கத்தின் பிரச்சினை என்று தோன்றியது.

எல்லா கேமும் ஒரே ரகம் இல்லை. தினமும் உள்ளே வந்தால் பரிசு, வராவிட்டால் நஷ்டம், பெட்டியைத் திறக்கக் காசு என்று போகும் கைப்பேசி விளையாட்டுகளுக்கு முடிவு கிடையாது. முடியாமல் இருப்பதுதான் அவற்றின் வியாபாரம். அந்த மாதிரிப் பிள்ளைகள் வந்தால் நான் கேட்கும் கேள்விகள் வேறு, சில நேரம் அப்பாவின் வங்கிக் கணக்கையும் பார்க்கச் சொல்வேன். ஒன்பதாவது ஃபைனல் ஃபேண்டசியை ஒரு முறை வாங்கினால் போதும், ஒரு நாள் அது முடிந்தும் போகும்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் பாதிச் சண்டை இதனால்தான் வருகிறது. “இப்பவே அணை” என்று நாம் கத்தும்போது பிள்ளை ஒரு சண்டையின் நடுவில் இருக்கலாம். இந்த கேமில் மூகிள் என்ற வெள்ளைப் பிராணியிடம் போய்ச் சேமிக்க வேண்டும். கைப்பேசிப் பதிப்பு தானாகவே சேமிக்கும், ஆனாலும் பையன் மூகிளைத்தான் நம்புகிறான். அதனால் அம்மாவிடம், “பத்து மணிக்கு அணை” என்பதற்குப் பதிலாக, “பத்தரைக்குள் எந்த மூகிள்கிட்ட நிறுத்தப் போற?” என்று கேட்கச் சொன்னேன். சிரித்தார். பிள்ளையின் பேச்சு “நானும் போய்விட்டால்” என்ற பக்கம் எப்போதாவது திரும்பினால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்க வேண்டாம், சுகாதார அமைச்சின் ‘ஹீல்’ மனநல உதவி எண் 15555 இருக்கிறது என்பதையும் எழுதிக் கொடுத்தேன். இவனிடம் அந்தப் பேச்சு வரவில்லை.

நான்காவது சந்திப்புக்கு அம்மாவும் அப்பாவும் சேர்ந்து வந்தார்கள். தாத்தாவுக்கு என்ன நோய், எப்போது தெரியும், கடைசி நாளில் என்ன நடந்தது என்று அப்பாதான் சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டே. பையன் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டான், தாத்தாவின் சாம்பலை எந்தக் கடலில் கரைத்தீர்கள் என்று. ஃபெரியிலிருந்து அந்த இடம் தெரியும் என்று அப்பா சொன்னார். மூவரும் அன்று கிளம்ப அவசரப்பட்டார்கள், வெளிச்சம் இருக்கும்போதே ஃபெரி ஏற வேண்டும் என்று.