பி.எஸ்.டபிள்யூ. சேரும் முன் களப்பணியை விசாரியுங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பெற்றோர் பலரும் கேட்பது இதுதான்: பி.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி இளங்கலை) படித்தால் வேலை கிடைக்குமா? கிடைக்கும். எந்த வேலை என்பதுதான் விஷயம். அந்த மூன்று வருடத்தில் பிள்ளை களப்பணியை எப்படிச் செய்தது என்பதை வைத்தே அது அமையும். களப்பணிக்கு வரும் மாணவர்களை நாகர்கோவிலில் மேற்பார்வை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

வகுப்பில் சமூகவியல், உளவியல், தனிநபர் பணி, குழுப்பணி எல்லாம் நடத்துவார்கள். கூடவே வாரத்தில் ஓரிரு நாள் ஏதாவது ஓர் அமைப்பில் களப்பணி, அப்புறம் ஒரு கிராம முகாம். பலர் இதை அட்டெண்டன்ஸ் கணக்காகவே பார்க்கிறார்கள்.

"வீட்டுக்குச் சென்றேன். பிரச்சினையைக் கேட்டறிந்தேன். ஆலோசனை வழங்கினேன்." மூன்று வரியில் முடியும் இப்படிப்பட்ட பதிவேட்டைக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்துவிடுவேன். கதவைத் திறந்தது யார்? மருமகளிடம் கேட்டதற்கு மாமியார் பதில் சொன்னாரா? எந்த இடத்தில் அந்தப் பெண் பேச்சை மாற்றினார்? அப்போது நீ என்ன கேட்டாய்? இவ்வளவும் எழுதிப் பார்த்தால்தான், அடுத்த தடவை அவரிடம் தனியாகப் பேச வழி தேட வேண்டும் என்றே தோன்றும்.

எந்த நேரத்தில் போவது என்பதும் படிக்க வேண்டியதுதான். குலசேகரம், அருமனை பக்கம் விடியும் முன்பே ரப்பர் பால்வெட்டுக்குப் போய்விடுவார்கள். அண்டியாபீஸ் (முந்திரி ஆலை) வேலைக்குப் போகும் பெண்கள் சாயங்காலம்தான் திரும்புவார்கள். தூத்தூர், வள்ளவிளை பக்கம் ஆழ்கடலுக்குப் போனவர் வாரக்கணக்கில் வரமாட்டார். பதினோரு மணிக்குக் கதவைத் தட்டிவிட்டு 'ஆள் இல்லை' என்று எழுதி யாருக்கு லாபம்?

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் காணாமல்போன மீனவர்களின் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். உடல் கிடைக்காத ஒருவரை இறந்தவராகக் கொள்ள, சாட்சியச் சட்டப்படி பொதுவாக 7 ஆண்டு தகவலின்றி இருந்திருக்க வேண்டும். அரசு தனி ஏற்பாடு செய்து முன்பே நிவாரணம் தந்தது. ஆனால் அதற்கான மனுவில் கையெழுத்துப் போடுவது, கணவர் இனி வரமாட்டார் என்று மனைவியே எழுதிக் கொடுப்பது போலத்தானே? மனு வேலையும் தெரியணும், கையெழுத்துக்கு அவசரப்படுத்தாமல் பக்கத்தில் உட்காரவும் தெரியணும். பரீட்சைக்குப் படிப்பதில் இது வராது.

இன்னொன்று, போன். வீடு பார்க்கப் போன இடத்தில் குழந்தையோடு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸில் போடுகிறார்கள். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74-ன்படி குற்றம். 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முகத்தை மறைத்தால் போதும் என்பதும் தப்பு. நம் கடற்கரை ஊர்களில் குருசடி (தெருவோரச் சிலுவைக் கோயில்) பின்னால் தெரிந்தாலே எந்தத் தெரு என்று சொல்லிவிடுவார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். இளங்கலை மட்டும் முடித்தவர்களுக்குத் தொண்டு நிறுவனக் களப்பணியாளர் வேலைதான் பெரும்பாலும் அமைகிறது. குழந்தைகள் பாதுகாப்பு, பெண்கள் உதவி மையம் போன்ற அரசுத் திட்டங்களில் ஒப்பந்தப் பணி உண்டு; தொகுப்பூதியம்தான், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். எந்தப் பட்டத்தையும் போல இதை வைத்தும் டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதலாம். மருத்துவமனை, மனநலம் என்று போக விரும்பினால் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) வேண்டும். வேறு பட்டம் பெற்றவர்களும் அதில் சேரலாம் என்பதால், பி.எஸ்.டபிள்யூ. படித்த பிள்ளைக்குக் கூடுதல் பலம் அந்த மூன்று வருடக் களப்பணி மட்டும்தான்.

அதனால் அட்மிஷனுக்குப் போகும்போது கட்டிடத்தைச் சுற்றிப் பார்ப்பதோடு நிற்காதீர்கள். எந்தெந்த அமைப்புகளுக்கு அனுப்புகிறீர்கள், அங்கே மேற்பார்வை செய்கிறவர் சமூகப்பணி படித்தவரா, பதிவேட்டை வாராவாரம் யார் வாசிப்பார் என்று கேளுங்கள். மாணவர்களை டேட்டா என்ட்ரிக்கும் விழாவில் நாற்காலி போடவும் வைத்துக்கொள்ளும் அமைப்புகளும் இருக்கின்றன. முடிந்தால் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரின் களப்பணிப் பதிவேட்டை வாங்கிப் புரட்டுங்கள். அடையாளம் வெளியே தெரியாதபடி ஆட்களின் பெயரை மாற்றி எழுதியிருக்கிறார்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.