இறந்தவர் விட்டுப்போன செடிகள்

ஒரு சாவு நடந்த வீட்டில் மொட்டைமாடித் தொட்டிகளை யாரும் நினைப்பதில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவுக்காரர்கள் ஊருக்குக் கிளம்பி, வாடகை நாற்காலிகளும் போன பிறகு, துணி காயப்போட மேலே ஏறும்போதுதான் கண்ணில் படும். துளசி கருகியிருக்கும், கறிவேப்பிலை பாதி உதிர்ந்திருக்கும், மல்லிகை மட்டும் எப்படியோ தாக்குப்பிடித்திருக்கும். அன்றைக்கு ஒரு குடம் தண்ணீர் தூக்கி வந்து ஊற்றுகிறவர், அதுவரை அந்தச் செடிகள் பக்கமே போகாத கணவராகவோ மகளாகவோ இருப்பார். கொஞ்ச காலம் கழித்துக் கேட்டால், “அந்தச் செடிங்க இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ” என்பார்.

மண்ணில் கை வைத்தால் மனசு லேசாகும் என்று எல்லோரும் சொல்கிறோம். எப்படி என்று கேட்டால் ‘பாசிட்டிவ் எனர்ஜி’ என்று முடித்துவிடுகிறார்கள். மூளை ஆராய்ச்சியில் அதைவிட நல்ல பதில் இருக்கிறது. ஆனால் அதற்கு முன் துக்கம் மூளைக்குள் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

நார்வேயின் ட்ரொன்ஹெய்ம் நகரில் ஆய்வகம் நடத்தும் மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் (மறு ஆண்டே நோபல் பரிசு பெற்றவர்கள்) 2013இல் சகாக்களோடு சேர்ந்து ஓர் எலிச் சோதனையை வெளியிட்டார்கள். எலி சுற்றித் திரியும் பெட்டிக்குள் ஒரு பொருளை வைத்தார்கள். எலி அதற்குப் பழகிய பிறகு எடுத்துவிட்டார்கள். மூளையில் நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸை ஒட்டி என்டோரைனல் புறணி என்றொரு பகுதி உண்டு. அங்கே சில நரம்பணுக்கள், பொருள் முன்பு இருந்த வெற்றிடத்துக்கு எலி வரும்போதெல்லாம் துடித்தன. பொருள் இல்லை, அது இருந்த இடத்துக்கான துடிப்பு மட்டும் நாள்கணக்கில் நின்றது.

எலிக்கும் நமக்கும் தூரம் அதிகம்தான். ஆனாலும் வீட்டுக்காரரை இழந்தவர் காலையில் இரண்டு டம்ளர் காபி ஆற்றிவிட்டுத் திகைத்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சோதனை புதிதாக இருக்காது. ஆள் போய்விட்டார் என்ற செய்தி மூளைக்கு ஒரே நாளில் தெரிந்துவிடுகிறது. சாயங்காலம் கேட் திறக்கும் சத்தம் கேட்டால் அவர்தான் என்று முப்பது வருஷமாகக் கற்றுவைத்த கணிப்பு ஒரே நாளில் அழியாது. ஒவ்வொரு சாயங்காலமும் கேட் சத்தம் கேட்டு, அவர் வராமல் போய், அந்தக் கணிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தப்பட வேண்டும்.

அமெரிக்க உளவியலாளர் மேரி-பிரான்சஸ் ஓ’கானர் 2008இல் வெளியிட்ட ஆய்வு இதை இன்னொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. அம்மாவையோ சகோதரியையோ மார்பகப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த 23 பெண்களை ஸ்கேனுக்குள் படுக்கவைத்து, இறந்தவரின் படத்தைக் காட்டினார்கள். வலியோடு தொடர்புடைய பகுதிகள் எல்லோருக்கும் வேலை செய்தன. துக்கம் ஆறாமல் உறைந்துபோயிருந்தவர்களுக்கு மட்டும் கூடவே நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற பகுதியும் விழித்துக்கொண்டது. ஒரு வெகுமதியை எதிர்பார்த்து ஏங்கும்போது இயங்கும் பகுதி அது. அந்த மூளைகள் இன்னமும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தன என்றே இதைப் புரிந்துகொள்ளலாம்.

ஆகவே துக்கத்தில் இருக்கும் மூளைக்கு இரண்டு வேலை. பழைய எதிர்பார்ப்பைத் திருத்த வேண்டும், எதிர்பார்க்கப் புதிதாக ஏதாவது வேண்டும். இரண்டாவதற்குச் செடி நன்றாகப் பொருந்துகிறது என்பது என் வாதம்.

வெண்டை விதையை ஊன்றினால் ஒரு வாரத்தில் முளைக்கும். விதை தண்ணீரைக் குடித்து ஊதும், உறை கிழியும், முதலில் வேர்தான் வெளியே வரும், பிறகு வளைந்த கழுத்தோடு இரண்டு விதையிலைகள் மேலே எழும். கணிப்பு சின்னது, பெரும்பாலும் பலிக்கிறது. வருஷக்கணக்கில் காத்திருக்கத் தெம்பில்லாதவரால் ஒரு வாரம் காத்திருக்க முடியும்.

நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இன்னொன்றும் நடக்கிறது. ஆறு மணிக்கு மாத்திரை, எட்டு மணிக்குக் கஞ்சி, பத்து மணிக்குத் திரும்பப் படுக்கவைப்பது என்று மாதக்கணக்கில் ஓடிய உடம்பு, ஆள் போனதும் ஒரே நாளில் வேலையில்லாமல் நிற்கிறது. அதற்கு மேல், இத்தனை செய்தும் காப்பாற்ற முடியவில்லையே என்ற நினைப்பு வேறு. மத்தியான வெயிலில் துவண்டு கிடக்கும் கத்தரிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். இலையின் ஒவ்வொரு செல்லும் உள்ளே இருக்கும் நீரின் அழுத்தத்தால்தான் விறைப்பாக நிற்கிறது. நீர் குறைந்தால் தொங்கிவிடும், வேர் மறுபடி உறிஞ்சினால் நிமிரும். வேர் கெடாமல் இருந்தால் கொஞ்ச நேரத்திலேயே வித்தியாசம் தெரியும். தான் செய்தது பலித்தது என்பதை அந்த நாட்களில் கண்ணால் பார்க்கக் கிடைப்பது சாதாரண விஷயமில்லை. அழகான பூவைவிட, தண்ணீர் ஊற்றாவிட்டால் வாடிப்போகும் என்ற கட்டாயம்தான் அதிகம் உதவுகிறது என்று நினைக்கிறேன். பிளாஸ்டிக் பூவோ, மாதம் ஒருமுறை பார்த்தால் போதும் என்று விற்கிற கள்ளிச்செடியோ இந்த வேலையைச் செய்யாது.

மாடிக்கு ஏறினால் வெளிச்சமும் கிடைக்கிறது. டியூப்லைட் எரியும் அறையில் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருந்தால் அதிகம். மேகம் மூடிய பகலில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். விழித்திரையில் பார்வைக்கென்று இல்லாமல் வெளிச்சத்தின் அளவை மட்டும் மூளையின் உள்கடிகாரத்துக்குச் சொல்லும் செல்கள் உண்டு. காலை வெளிச்சம் அவற்றில் பட்டால் இரவில் தூக்கம் நேரத்துக்கு வருவது எளிதாகிறது. துக்க வீட்டில் முதலில் போவது தூக்கம். ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே படுத்திருப்பது அதை இன்னும் கெடுக்கும்.

நெதர்லாந்தில் ஆக்னஸ் வான் டென் பெர்க்கும் மரியெட் கஸ்டர்ஸும் 2011இல் வெளியிட்ட சோதனை பலராலும் எடுத்துக்காட்டப்படுகிறது. 30 பேருக்கு மன அழுத்தம் தரும் ஒரு வேலை கொடுத்து, பிறகு பாதிப்பேரை அரைமணி நேரம் தோட்டவேலைக்கும் மீதிப்பேரை வீட்டுக்குள் வாசிக்கவும் அனுப்பினார்கள். மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் இரண்டு தரப்புக்கும் இறங்கியது, தோட்டக்காரர்களுக்குக் கூடுதலாக. மனநிலையும் தோட்டக்காரர்களுக்கு மட்டுமே பழையபடி திரும்பியது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவர்கள் ஏற்கெனவே தோட்டம் வைத்திருந்தவர்கள், அவர்களுக்கு ஏற்பட்டது சோதனைக்கூட எரிச்சல். சாவுத் துக்கத்துக்கு இதை அப்படியே பொருத்துவது நியாயமில்லை.

மண்ணிலுள்ள மைக்கோபாக்டீரியம் வாக்கே என்ற நுண்ணுயிர் ‘இயற்கையின் மனச்சோர்வு மாத்திரை’ என்று சுற்றும் வாட்ஸ்அப் செய்திக்கும் இதே பதில். 2007இல் கிறிஸ்டோபர் லோரியின் குழு அந்தப் பாக்டீரியாவை எலிகளுக்குச் செலுத்தியபோது மனநிலையோடு தொடர்புடைய செரடோனின் நரம்பணுக்கள் தூண்டப்பட்டது உண்மை. தொட்டி மண்ணைக் கிளறும் விரல் வழியாக மனிதருக்கும் அதே நடக்கிறது என்று யாரும் காட்டிவிடவில்லை.

துக்கத்துக்கு நெருக்கமான ஆய்வு வேறொன்று. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷூட்டும் 1999இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். இழப்பை எதிர்கொண்டு அழுவது ஒரு பக்கம். பால் கார்டு, பேங்க் கணக்கு, நாளைய சமையல் என்று வாழ்க்கையைத் திரும்பக் கட்டுவது இன்னொரு பக்கம். தேறுகிறவர்கள் இரண்டுக்கும் நடுவே போய்வந்துகொண்டே இருக்கிறார்கள், ஒன்றில் மாட்டிக்கொள்கிறவர்கள்தான் தவிக்கிறார்கள் என்றார்கள். இறந்தவர் வைத்த செடி ஒரே இடத்தில் இரண்டையும் தருகிறது. களை பிடுங்கும்போது கை வேலையில் இருக்கும், அவர் கட்டிவிட்ட பழைய புடவைக் கிழிசல் கொடியில் கண்ணில் பட்டால் நெஞ்சு அடைக்கும், மறுபடி களை.

மல்லிகை வைத்திருந்தவர் வீட்டில் இது இன்னும் தீவிரம். மொட்டு இருட்டத் தொடங்கும்போது விரிந்து மணம் விடுகிறது. துக்கப்பட்டவர்களுக்குச் சாயங்காலம் ஏற்கெனவே கனமான வேளை. மற்ற புலன்களின் சேதி மூளைப் புறணிக்குப் போகுமுன் தலாமஸ் என்ற இடத்தைக் கடக்க வேண்டும். வாசனைக்கு அந்தச் சுற்று இல்லாமலே உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலாவுக்கும், மேலே எலிகளிடம் பார்த்தோமே, அந்த என்டோரைனல் புறணிக்கும் வழி இருக்கிறது. யோசிக்கும் முன்பே கண் கலங்கிவிடுவதில் ஆச்சரியமில்லை. அதற்காகச் செடியை வெட்டிப் போட்டுவிடுகிறவர்களும் உண்டு. நெடுநாள் உறைந்துபோன துக்கத்துக்கென்று அமெரிக்க மனநல மருத்துவர் கேத்தரின் ஷியர் உருவாக்கி 2005இல் முடிவுகளை வெளியிட்ட சிகிச்சையில், தவிர்த்துவரும் நினைவுகளையும் இடங்களையும் கொஞ்சம் கொஞ்சமாக அணுகப் பழக்குவது முக்கியமான பகுதி. தினமும் ஐந்து நிமிடம் பூப்பறிப்பதும் அதே திசையில் வேலை செய்யலாம். இது என் ஊகம்.

கணவனை இழந்தவளுக்குப் பூ கூடாது என்று விதித்த வீடுகளைப் பற்றி இங்கே சொல்லாமல் போக முடியவில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும், பறிப்பதும், மருமகளுக்குக் கட்டிக்கொடுப்பதும் அவள் வேலை; தலையில் வைப்பது மட்டும் ஆகாது. ஆறுதல் தரும் ஒன்றைக் கையில் கொடுத்து, அதையே தினமும் இழப்பை நினைவூட்டும் தண்டனையாக்குகிற ஏற்பாடு அது.

மல்லிகைக்குக் கவாத்து வேண்டும். நவம்பர் கடைசியில், தரையிலிருந்து முழங்கால் உயரம் விட்டு மேலே எல்லாவற்றையும் வெட்டிவிடுவார்கள். பலருக்கு இங்கேதான் கை வராது. அம்மா வளர்த்ததை எப்படி வெட்டுவது? ஆனால் மல்லிகை புதுக்கிளையில்தான் பூக்கும். கிளை நுனியில் சுரக்கும் ஆக்சின் என்ற ஹார்மோன் கீழே உள்ள பக்க மொட்டுகளை அடக்கிவைக்கிறது. நுனியை வெட்டினால் அந்தப் பிடி விலகி, கணுவுக்குக் கணு துளிர் கிளம்பும். வெட்டாமல் பொத்திப் பொத்தி வைத்த செடி கொடியோடிப் பூ குறைந்து நிற்கும். முதல் வருஷம் மட்டும் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வெட்டச் சொன்னாலும் தப்பில்லை.

எல்லாத் துக்கமும் செடியால் ஆறிவிடாது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2022இல் நீடித்த துக்கத்தைத் தனிக் கோளாறாகப் பட்டியலில் சேர்த்தது: பெரியவர்களுக்கு இழப்பு நடந்து 12 மாதம் ஆகியும் ஏக்கம் தினசரி வாழ்க்கையை முடக்கினால். உலக சுகாதார நிறுவனம் 6 மாதம் என்கிறது. அப்படிப்பட்டவர் மாடிக்கு ஏறவே எழுந்திருக்க மாட்டார். அவரிடம் போய்த் தோட்டம் போடச் சொல்வது அறிவுரையாகாது. இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

முன்பு துக்கத்துக்கு மருந்து பற்றை அறுப்பதுதான் என்று நினைத்தார்கள். உளப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃப்ராய்டு 1917இல் எழுதியதும் ஏறக்குறைய அதுதான். 1996இல் ஆய்வாளர் டென்னிஸ் கிளாஸும் வேறு இருவரும் சேர்ந்து தொகுத்த ஆய்வுகள் அதை மறுத்தன. இறந்தவரோடு உறவு வேறு வடிவில் தொடர்வது பலருக்கும் இயல்பு என்றார்கள். குண்டுமல்லி இதற்கு வசதியான செடி. அது விதை பிடிப்பதில்லை; குச்சி வைத்தும் பதியம் போட்டும்தான் பெருக்குகிறார்கள். ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்திலிருந்து தமிழ்நாடு முழுக்கப் போகும் நாற்றுகள் அப்படி வந்தவைதான். பதியத்தில் வளர்வது மகள்செடியில்லை, மரபணுப்படி அதே செடி.

பதியம் போட, முற்றிய ஒரு கிளையை வளைத்து, மண்ணுக்குள் போகும் இடத்தில் பட்டையை மட்டும் வளையமாகச் சீவி, அரை அடிக்குள் புதைத்து மேலே கல் வைக்க வேண்டும். பட்டை போனதால் நுனியிலிருந்து இறங்கும் சர்க்கரையும் ஆக்சினும் சீவிய இடத்துக்கு மேலே தேங்கி, அங்கே வேர் கிளம்பும். உள்ளிருக்கும் கட்டையைத் தொடாததால் பழைய செடியிலிருந்து தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும். மூன்று நான்கு மாதத்தில் வேர் பிடித்துவிடும். பிறகு பழைய செடியின் பக்கமாக வெட்டிப் பிரித்து, புதுத் தொட்டியை ஒரு வாரம் நிழலில் வைக்கலாம். ஒரே பருவத்தில் நாலைந்து கிளை போட்டால் அண்ணன் வீட்டுக்கும் சித்தி வீட்டுக்கும் கொடுக்க மிச்சம் இருக்கும்.